சென்னை – பெங்களூரு ரயில்: அந்த 25 நிமிடத்தை எங்கே எடுப்பது?

சென்னை சென்ட்ரலில் இருந்து பெங்களூரு ஏறத்தாழ 360 கிலோமீட்டர். பிருந்தாவன் எக்ஸ்பிரஸுக்கு ஆறு மணி நேரம், சதாப்திக்கு ஐந்து, வந்தே பாரத்துக்கு நாலே காலிலிருந்து நாலரை. இதை 4 மணி நேரமாகக் குறைத்தால் ஒரே ரேக் (ஒரு ரயிலின் முழுப் பெட்டித் தொடர்) ஒரு நாளில் இரண்டு முறை போய்த் திரும்பலாம். நாலு ஓட்டத்துக்கு 16 மணி நேரம். இடையில் மூன்று முறை துப்புரவுக்கும் தண்ணீர் நிரப்பவும் தலா 45 நிமிடம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் இரவு 11.15க்கு வேலை முடியும். இப்போதைய வேகத்தில் அது நள்ளிரவைத் தாண்டிவிடும். ஆக, தேவைப்படுவது சுமார் 25 நிமிடம். அதற்கு வழி மூன்று.

முதலாவது, இருக்கிற பாதையில் வேகத்தைக் கூட்டுவது. சென்னை – ஜோலார்பேட்டை 214 கி.மீ. பெரும்பாலும் சமதளம். அங்கே மணிக்கு 110 கி.மீ.க்குப் பதில் 130இல் ஓடினால் காகிதத்தில் 18 நிமிடம் மிச்சம். நடைமுறையில் பாதி கிடைத்தாலே பெரிது. பாலம், யார்டு, பராமரிப்பு என்று இடையிடையே வரும் வேகக் கட்டுப்பாடுகள் மீதியை விழுங்கிவிடும்.

நிஜமான சிக்கல் ஜோலார்பேட்டைக்கு மேலேதான். அங்கிருந்து குப்பம் வழியாகப் பாதை ஏறிக்கொண்டே போகிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல். ஏற்றத்தை வந்தே பாரத்தின் மோட்டார்கள் சமாளித்துவிடும், வளைவை எந்த மோட்டாரும் சமாளிக்காது. ரயில்வேயின் சூத்திரம் எளிது: வளைவின் ஆரத்தை மீட்டரில் எடுத்து, கேண்ட் (வெளித் தண்டவாளம் உள்ளதைவிட உயர்ந்திருக்கும் அளவு), கேண்ட் குறைபாடு (வேகத்துக்குத் தேவையான உயரத்தில் குறையலாம் என்று விடும் அளவு) இரண்டையும் மில்லிமீட்டரில் கூட்டிப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 0.27ஆல் பெருக்கினால் அந்த வளைவில் போகக்கூடிய வேகம். 437 மீட்டர் ஆரம், 140 மி.மீ. கேண்ட், 100 மி.மீ. குறைபாடு என்றால் மணிக்கு 87 கி.மீ. அதே அளவுகளில் 130 போக 966 மீட்டர் ஆரம் வேண்டும். வெளித் தண்டவாளத்தை இன்னும் உயர்த்தினால் என்ன? அதே வளைவில் மெதுவாக ஏறும் சரக்கு ரயிலின் பாரம் உள் தண்டவாளத்தில் விழுந்து தேய்த்துவிடும். வளைவை நேராக்க நிலம் வேண்டும், பாதையை இடம் மாற்ற வேண்டும்.

இரண்டாவது வழி நிறுத்தத்தையும் நெரிசலையும் குறைப்பது. என் ஓட்டு இதற்கே. 130இல் வரும், தனி எஞ்சின் இழுக்கும் ரயில் ஒரு ஸ்டேஷனில் 2 நிமிடம் நின்று கிளம்பினால், பிரேக்கும் வேகமெடுப்பும் சேர்த்து நாலு நிமிடம் போகும். ஆனால் வந்தே பாரத்துக்கு நிறுத்தங்கள் ஏற்கெனவே சொற்பம், அதை மறிப்பது முன்னால் போகும் ரயில்தான். 700 மீட்டர் நீளச் சரக்கு ரயில் 15 கி.மீ. வேகத்தில் லூப் லைனுக்குள் (ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை) முழுதாக ஒதுங்க கிட்டத்தட்ட 3 நிமிடம். பாயின்ட்ஸை (ரயிலைத் தடம் மாற்றிவிடும் அமைப்பு) மாற்றி 30இல் விட்டால் ஒன்றரை. முழுப் பிளாக் என்ற சிக்னல் முறையில் இரு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு ரயில்தான் போகலாம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி சிக்னல் வைத்தால் பின்னாலேயே அடுத்ததை விடலாம். பெங்களூரு கன்டோன்மென்ட் – ஒயிட்ஃபீல்டு இடையே நாலு வழிப் பாதை ஓடத் தொடங்கினால் உள்ளூர் ரயிலும் விரைவு ரயிலும் முட்டிக்கொள்ளாது. கவர்ச்சியில்லாத வேலை, ரிப்பன் வெட்ட ஆளும் வராது. ஆனால் பிருந்தாவனும் லால்பாக் எக்ஸ்பிரஸும் சேர்ந்தே பலன் பெறும் ஒரே வழி இதுதான்.

மூன்றாவது புல்லட் ரயில். சென்னை – பெங்களூரு – மைசூரு 435 கி.மீ. தடம் திட்டப் பட்டியலில் இருக்கிறது. இருக்கிற தடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எல்லாம் புதிது. வளைவு ஆரமே கிலோமீட்டர் கணக்கில். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா என மூன்று மாநிலத்தில் நிலம் எடுக்க வேண்டும். 2017இல் அடிக்கல் நாட்டிய மும்பை – அகமதாபாத் தடத்தில் மகாராஷ்டிர நிலமே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பழைய பாதையில் இடம் காலியாகும் என்பது உண்மையான லாபம்தான். ஆனால் 25 நிமிடத்துக்கு இது கொசுவுக்குப் பீரங்கி.

ஒரு எச்சரிக்கை. இரண்டு முறை ஓட்டினால் ரேக்குக்கு இரவுப் பராமரிப்பு நேரம் ஆறு மணி நேரத்துக்கும் கீழே இறங்கும். அதனால் மாற்று ரேக் ஒன்றும் சென்னையில் பிட் லைன் (பெட்டிகளை அடியிலிருந்து பராமரிக்கும் பள்ளத் தடம்) ஒன்றும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.