ரத்தம் போகும் அறுவையில் எந்த டிரிப் போத்தல்? பினாங்கு ஓ.டி. (அறுவைக்கூட) ஊழியர்களுக்கு ஒரு மதிப்பீடு

பாயான் லெப்பாஸிலேயே டிரிப் ஊசியும் மற்றச் சாமான்களும் செய்யும் ஆலை இருப்பதால், பினாங்கில் யாரும் இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நார்மல் சலைன் (உப்பு நீர்), ஹார்ட்மன், ஸ்டெரோஃபண்டின் (இரண்டும் பல உப்புகளின் கலவை), ஜெலோஃபியூசின் (ஜெலட்டின் கரைசல்) எல்லாமே "தண்ணி"தான். ரத்தம் கொட்டும் கேஸில் அப்படி இல்லை. எது ரத்த உறைவைக் குறைவாகக் கெடுக்கிறது என்பதை வைத்தே இங்கே மதிப்பெண்.

சலைனில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல். ரத்தத்தில் 100-ஐ ஒட்டித்தான். சில லிட்டர் ஓடியதும் ரத்தம் அமிலமாகும். உறைவுக் காரணிகள் என்சைம்கள், அமிலம் அவற்றுக்கு ஆகாது: ஆய்வுக்கூடத்தில் பிஎச் 7.4-லிருந்து 7.0-க்கு இறங்கினால் காரணி 7ஏ-வின் வேலை 90 சதவீதத்துக்கு மேல் விழுகிறது. சலைன் மட்டுமே அவ்வளவு இறக்காது. ஏற்கெனவே ஷாக்கில் (ரத்த ஓட்டம் குன்றிய நிலையில்) இருப்பவருக்கு அது கூடுதல் இடி. இருந்தும் அலமாரியில் சலைன் வேண்டும். ரத்தப் பை ஏறும் அதே லைனில் நம்பி ஓட்டக்கூடியது அதுதான். ஹார்ட்மனிலும் ஸ்டெரோஃபண்டினிலும் கால்சியம் உண்டு. பை ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்த சிட்ரேட்டை அது முறியடித்தால் ட்யூபிலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

முதலிடம் ஸ்டெரோஃபண்டினுக்கு. குளோரைடு 127, கூடவே அமிலத்தைச் சமன்செய்யும் அசிட்டேட், மாலேட். ஹார்ட்மனும் நல்லதுதான், சோடியம் 131, ரத்தத்தைவிடக் குறைவு என்பதால் தலைக்காயத்துக்கு மட்டும் வேண்டாம். போத்தலைப் பற்றி ஒரு குறை: பாதி விறைப்பான பிளாஸ்டிக் போத்தலுக்குள் காற்று இருக்கும். பிரஷர் கஃப் (போத்தலை அமுக்கும் உறை) மாட்டுவதற்கு முன் அதை முழுக்க வெளியேற்றாவிட்டால், திரவம் தீர்ந்ததும் காற்று நேராக ரத்தக்குழாய்க்குள் போகும்.

ஜெலோஃபியூசின் பிரஷரைச் சட்டென்று ஏற்றும், சில மணி நேரம் நிற்கும். ஆனால் ஜெலட்டின், ரத்தத்தைக் கட்டவைக்கும் ஃபைப்ரின் இழைகள் பின்னுவதில் குறுக்கிடுகிறது. ரத்தக் கட்டி உருவாகும், பலம் இருக்காது. 500 மில்லி போத்தல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதோடு நிறுத்துங்கள். அலர்ஜியும் அரிதாக வரும், கடுமையாகவே வரும். அது மாட்டு ஜெலட்டின் என்பதை நம் ஆட்களில் பலருக்கு யாரும் சொல்வதே இல்லை. கன்சென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஸ்டார்ச் (மாவுச்சத்து) டிரிப் வகைக்கு மதிப்பெண் பூஜ்யம். உறைவுக்கு வேண்டிய வான் வில்லிபிராண்ட் காரணியையும் காரணி 8-ஐயும் குறைக்கிறது, பிளேட்லெட்டின் ஒட்டும் திறனையும் கெடுக்கிறது, சிறுநீரகத்துக்கும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் விற்பனையையே நிறுத்திவைத்தது. மிச்சம் இருக்கிறதே என்று ஓட்டாதீர்கள்.

எந்தப் போத்தலானாலும் அளவு மீறினால் ரத்தம் நீர்த்துப்போகும். கொஞ்சம் நீர்த்தால் உறைவு சற்றுக் கூடுவதும் உண்டு, உறைவைத் தடுக்கும் ஆன்டித்ராம்பினும் சேர்ந்து குறைவதால். பாதிக்கு மேல் நீர்த்தால் கதை மாறும். முதலில் கையை விரிப்பது ஃபைப்ரின் இழைக்கு மூலமான ஃபைப்ரினோஜன். தொடக்கத்தில் லிட்டருக்கு 2.5 கிராம் என்று வையுங்கள்: 5 லிட்டர் ரத்தம் உள்ளவருக்கு 2.5 லிட்டர் போய், போகப் போக டிரிப்பால் ஈடுகட்டினால் கணக்குப்படி அது 1.5-க்கு வந்துவிடும். பிளேட்லெட்டுக்கு மண்ணீரலிலாவது கையிருப்பு உண்டு, இதற்கு அதுவும் இல்லை. 1.5-க்குக் கீழே, பிரசவ ரத்தப்போக்கில் 2-க்குக் கீழே போனால், கேட்க வேண்டியது இன்னொரு போத்தல் அல்ல, கிரையோ (ஃபைப்ரினோஜன் செறிந்த ரத்தப் பொருள்). உறைவுக்கு வேண்டிய அயனிக் கால்சியமும் லிட்டருக்கு 1 மில்லிமோலுக்குக் கீழே போகக் கூடாது.

வார்மர் (திரவத்தைச் சூடாக்கும் கருவி) இல்லாமல் ஓட்டும் ஒவ்வொரு லிட்டரும் பெரியவரின் உடல் வெப்பத்தைச் சுமார் 0.25 டிகிரி இறக்கும். ஏ.சி. கூடத்தில் நாலு லிட்டர் ஓடினால் ஒரு டிகிரி. இதை லேப் காட்டாது: நோயாளி 34-ல் கிடந்தாலும் சாம்பிளை 37-க்குச் சூடாக்கித்தான் பி.டி. (ரத்தம் உறையும் நேரம்) பார்க்கிறார்கள். ஆகவே ரிப்போர்ட்டோடு தெர்மோமீட்டரையும் பாருங்கள். சாம்பிளை டிரிப் ஓடாத கையிலிருந்து எடுங்கள். ஓடும் கையில் எடுத்தால் லேப் சோதிப்பது பாதி போத்தலைத்தான்.