2 ஜிபி ராம் லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? ஆன்டிஎக்ஸ், க்யூ4ஓஎஸ், வாய்டு, பப்பி நேருக்கு நேர்

உபுண்டு, மிண்ட், ஃபெடோரா பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. மூன்றும் நல்லவைதான். ஆனால் 2 ஜிபி ராமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள மெஷினில் ஏற்றினால், பிரவுசரைத் திறக்கும் முன்பே அவற்றுக்கு மூச்சு வாங்கிவிடும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட மெஷின்களுக்குப் பஞ்சமில்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றில் விண்டோஸ் 7-உம், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியில் நின்றது. அந்தக் காலத்துப் பாஸ் பதிப்புக்கும் இப்போது அப்டேட் கிடையாது. மெஷின் ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது, மென்பொருளுக்குத்தான் வயதாகிவிட்டது. அதை மறுபடி வேலைக்குக் கொண்டுவர, அதிகம் பேசப்படாத நான்கு டிஸ்ட்ரோக்களை (லினக்ஸ் தொகுப்புகளை) இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு தவறான அளவுகோலைக் கழித்துவிடுவோம். லேசான டிஸ்ட்ரோ என்றதும் எல்லோரும் பார்ப்பது, பூட் ஆனவுடன் எவ்வளவு ராம் பிடிக்கிறது என்பதை. ஆன்டிஎக்ஸ் 200 எம்பி அருகே நிற்கும், டிரினிட்டி டெஸ்க்டாப்புடன் க்யூ4ஓஎஸ் 400 எம்பியைச் சுற்றி, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புடன் வாய்டு அதற்குச் சற்று மேலே. இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலும், ஃபயர்ஃபாக்ஸில் ஒரு யூடியூப் டேபைத் திறந்த நொடியில் 1 ஜிபி போய்விடும். எந்த டிஸ்ட்ரோவாலும் பிரவுசரின் பசியைக் குறைக்க முடியாது. பார்க்க வேண்டியவை வேறு: இரண்டாம் வருடத்தில் அப்டேட் எப்படி நடக்கும், கரண்ட் போனால் என்ன ஆகும், தமிழில் டைப் செய்ய எத்தனை படி ஏற வேண்டும்.

எதை ஏற்றுவதாக இருந்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இரண்டு உண்டு. ஒன்று, பிராசஸர் 64-பிட்டா என்று பார்ப்பது. 32-பிட் மட்டும் என்றால் வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. ஆன்டிஎக்ஸுக்கும் க்யூ4ஓஎஸ்ஸுக்கும் அடிப்படையான டிஸ்ட்ரோ டெபியன். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13-ஆம் பதிப்பில் 32-பிட் பிசிக்கான இன்ஸ்டாலரும் கெர்னலும் (சிஸ்டத்தின் மையப்பகுதியும்) இல்லை. குரோம் 2016-லேயே 32-பிட் லினக்ஸைக் கைவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 144-உடன் நிறுத்திக்கொண்டது. இரண்டு, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுவது. 120 ஜிபி போதும். டிஸ்ட்ரோ மாற்றுவதைவிட இதுதான் வேகத்தைக் கூட்டும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் என்றால் ஆடும். அந்த இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும், இல்லையென்றால் கனெக்டர் நாளடைவில் தளரும். காலி ராம் ஸ்லாட் இருந்தால் டிடிஆர்3எல் வகையில் 4 ஜிபி போடலாம். 1.5 வோல்ட் மட்டுமே ஏற்கும் சாதாரண டிடிஆர்3 சில மெஷின்களில் பூட்டே ஆகாது. டிடிஆர்3எல் 1.35, 1.5 இரண்டிலும் ஓடும்.

ஆன்டிஎக்ஸ்

கிரீஸ் நாட்டிலிருந்து வருவது, டெபியன் அடிப்படை. பூட் ஆகும்போது பின்னணிச் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி கிடையாது. 23-ஆம் பதிப்பில் அதற்குப் பதில் சிஸ்விஇனிட் அல்லது ரன்இட், எது வேண்டுமோ அந்த ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) எடுத்துக்கொள்ளலாம். ஐஸ்டபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜர்தான் டெஸ்க்டாப். க்னோம், கேடிஇ போல முழு டெஸ்க்டாப் இல்லை. அதனால்தான் இவ்வளவு லேசு. ஃபுல், பேஸ், கோர், நெட் என நான்கு அளவுகளில் கிடைக்கும். முதல்முறை ஏற்றுபவர் ஃபுல்லை எடுப்பதே சரி. கோரும் நெட்டும் கட்டளைத் திரையோடு நின்றுவிடும்.

இதில் புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் வைஃபை. ஆன்டிஎக்ஸ் 23-ல் நெட்வொர்க்கைக் கவனிப்பது கான்மேன், பலருக்கும் பழகிய நெட்வொர்க் மேனேஜர் அல்ல. ஐகானைத் திறந்தால் வைஃபை பட்டியல் காலியாக இருக்கும். டிரைவர் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதல் டேபில் 'வைஃபை' வரிசைக்கு எதிரே பவர் 'ஆஃப்' என்று நிற்கும். அதைச் சொடுக்கி 'ஆன்' ஆக்கி, ரீஸ்கேன் அழுத்தினால் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அதன் பிறகும் வரவில்லை என்றால்தான் வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேர் கோப்பைத் தேட வேண்டும்.

சிஸ்டம்டி இல்லாததற்கு ஒரு விலை உண்டு. உபுண்டுவின் ஸ்னாப் வகைச் செயலிகள் ஓடாது. வெளியிலிருந்து இறக்கும் சில டெப் பொதிகள் (மென்பொருள் கட்டுகள்) சிஸ்டம்டிக்கான சர்வீஸ் கோப்பை மட்டும் கொண்டுவரும். இன்ஸ்டால் ஆகும், ஆனால் பின்னணிச் சேவை எழும்பாது, பிழைச் செய்தியும் வராது. எழுதுவது, படிப்பது, அச்சிடுவது என்ற அளவில் வேலை இருந்தால் இது உங்களைத் தொடவே தொடாது.

இதன் பெரிய பலம் ஐஎஸ்ஓ ஸ்னாப்ஷாட் என்ற கருவி. ஒரு லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு, கீபோர்டு, லிப்ரேஆபீஸ் எல்லாம் அமைத்துவிட்டு, அந்த நிலையையே ஒரு ஐஎஸ்ஓவாக மாற்றி, பத்து லேப்டாப்பில் ஏற்றிவிடலாம். ஊர் நூலகத்துக்கோ பள்ளி லேபுக்கோ பழைய மெஷின்களைத் தயார் செய்பவர்களுக்கு இந்த நால்வரில் வேறு யாரும் இவ்வளவு சுலபமாக இதைத் தருவதில்லை.

க்யூ4ஓஎஸ்

வீட்டில் அம்மா, தம்பி, தாத்தா என நான்கு பேர் தொடும் மெஷின் என்றால் நம் தேர்வு இது. இதுவும் டெபியன்தான், சிஸ்டம்டியோடு. டிரினிட்டி என்பது கேடிஇ 3.5-ன் வழித்தோன்றல். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கைப்பழக்கம் அப்படியே செல்லும். பிளாஸ்மா டெஸ்க்டாப்புடனும் ஒரு பதிப்பு உண்டு, 2 ஜிபிக்கு அது வேண்டாம்.

முதல் லாகினில் டெஸ்க்டாப் புரொஃபைலர் என்ற சாளரம் திறக்கும். முழுத் தொகுப்பு வேண்டுமா, குறைந்தபட்சம் போதுமா என்று கேட்கும். குறைந்தபட்சத்தைத் தேர்ந்து, தேவையானதைப் பிறகு சேர்ப்பது நல்லது. முழுத் தொகுப்பைக் கொடுத்தால் ஒருநாளும் திறக்காத செயலிகளும் அப்டேட்டில் டேட்டாவைத் தின்னும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

5-ஆம் பதிப்பு டெபியன் 12-ஐயும், 6-ஆம் பதிப்பு டெபியன் 13-ஐயும் சார்ந்தவை. டெபியன் 12-க்கு நீண்டகாலப் பாதுகாப்பு அப்டேட் 2028 ஜூன் வரை. இங்கே ஓர் எச்சரிக்கை. டெபியன் பழகியவர்கள், பொதிகள் எங்கிருந்து இறங்க வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் பழைய பெயரை அழித்துப் புதிய பெயரைப் போட்டு மேம்படுத்தப் பார்ப்பார்கள். க்யூ4ஓஎஸ்ஸில் அதைச் செய்யக்கூடாது. டிரினிட்டி பொதிகள் டெபியனிலிருந்து வருவதில்லை. தனிக் களஞ்சியத்தில், அந்தந்த டெபியன் பதிப்புக்கென்றே கட்டப்பட்டவை. டெபியன் பகுதி மட்டும் முன்னே ஓடிவிட்டால் அடுத்த பூட்டில் கருப்புத் திரையும் கட்டளை வரியும்தான் மிஞ்சும். வீட்டுக் கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு புதிதாக நிறுவினால் ஒரு மணி நேர வேலையோடு முடியும்.

வாய்டு

இது யாருடைய கிளையும் அல்ல. நெட்பிஎஸ்டியில் பணியாற்றிய ஹுவான் ரொமேரோ பர்தினெஸ் 2008-ல் தொடங்கியது. எக்ஸ்பிபிஎஸ் என்ற சொந்தப் பொதி மேலாளர், ரன்இட் தொடக்கம், பதிப்பு எண்ணே இல்லாத தொடர் அப்டேட். பூட் வேகமும், எக்ஸ்பிபிஎஸ் பொதிகளை இறக்கி நிறுவும் வேகமும் பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருக்கும்.

இறக்கும்போதே ஒரு கேள்வி வரும்: செயலிகள் எல்லாம் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம் ஜிலிப்சியா, மஸிலா? தயங்காமல் ஜிலிப்சி. மஸில் சிறியது, சுத்தமானது. ஆனால் குரோம், ஜூம் போன்ற ஆயத்த பைனரிகள் அதில் நேரடியாக ஓடாது, மொழி அமைப்பு ஆதரவும் குறைவு. தமிழ் இடைமுகம் வேண்டுமென்றால் ஜிலிப்சியிலும் தமிழ் லொக்கேல் (மொழி அமைப்பு) வரியின் முன்னே உள்ள குறியை நீக்கி, லொக்கேல் பொதியை மறுபடி கட்டமைக்க வேண்டும். அது தானாக நடக்காது.

இன்ஸ்டாலர் முழுக்க எழுத்துத் திரைதான். அதில் 'சோர்ஸ்' என்ற படியில் 'லோக்கல்', 'நெட்வொர்க்' என்று இரண்டு. எக்ஸ்எஃப்சிஇ ஐஎஸ்ஓவை எடுத்தவர்கள் 'லோக்கல்' கொடுக்க வேண்டும். 'நெட்வொர்க்' கொடுத்தால் அடிப்படை மட்டும் இறங்கி, டெஸ்க்டாப் இல்லாமல் லாகின் வரி மட்டும் நிற்கும். நிறுவல் கெட்டுவிட்டது என்று மூன்று முறை திரும்பச் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இரண்டாம் வருடப் பிரச்சினைக்கு வருவோம். வாய்டு பழைய கெர்னல்களைத் தானாக நீக்காது. ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒன்று சேரும். பூட் பகுதியைத் தனிப் பார்ட்டிஷனாக 500 எம்பிக்கு வெட்டியிருந்தால் சில மாதங்களில் நிரம்பிவிடும். அப்போது அடுத்த கெர்னல் பாதி எழுதப்பட்டு நிற்கும், மெஷின் எழாது. விகேபர்ஜ் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. மாதம் ஒருமுறை ஓட்டுங்கள், அல்லது பூட்டுக்குத் தனிப் பார்ட்டிஷனே வெட்டாதீர்கள். அதேபோல் ஆறு மாதம் மூடிவைத்த மெஷினைத் திறந்தால் முதலில் எக்ஸ்பிபிஎஸ்ஸை மட்டும் அப்டேட் செய்து, பிறகு மற்றவை. தொடர்ந்து பயன்படுத்தாத, இணையம் அரிதாகக் கிடைக்கும் மெஷினுக்கு வாய்டு பொருந்தாது. கற்கும் ஆர்வமும் பிராட்பேண்டும் உள்ள மாணவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

பப்பி

ஆஸ்திரேலியாவின் பேரி காவ்லர் 2003-ல் தொடங்கியது. சுருக்கப்பட்ட எஸ்எஃப்எஸ் கோப்பு ஒன்றே முழு சிஸ்டம். மாற்றங்கள் எல்லாம் தனி சேவ் ஃபைலில். ஹார்டு டிஸ்க் செத்த மெஷினையும் பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். கோப்பு மீட்கவும் உதவும். தினசரி முதன்மை சிஸ்டமாக நாம் பரிந்துரைக்கமாட்டோம்: இயல்பாக எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே ஓடுகிறது, அப்டேட் செய்தால் அடியில் உள்ள பழைய நகல் அப்படியே இருக்கப் புதியது அதன் மேல் ஏறி சேவ் ஃபைல் வீங்குகிறது. பென்டிரைவில் ஓடும்போது மாற்றங்கள் முதலில் ராமில்தான். கரண்ட் போனால், பேட்டரியும் செத்திருந்தால், கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு செய்தது காணாமல் போகும். டெஸ்க்டாப்பில் உள்ள 'சேவ்' ஐகானை அவ்வப்போது அழுத்துங்கள். ஃபேட்32 பென்டிரைவில் சேவ் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. இஎக்ஸ்டி4 என்றால் சேவ் ஃபோல்டர் வைத்துக்கொள்ளலாம், அந்த வரம்பு இல்லை.

தமிழ்

நான்கிலும் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் நிறுவினால் தீர்ந்தது. டைப் செய்ய எஃப்சிஐடிஎக்ஸ்5 அல்லது ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி, அதோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு. தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் அதில் உண்டு. கீபோர்டு அமைப்பில் நேரடியாகக் காட்டும் எக்ஸ்கேபி தமிழ்99-ஐத் தேர்ந்தால் ஏமாற்றமே. அது விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் அனுப்பும். தானாகப் புள்ளி வைக்கும் விதி அதற்குத் தெரியாது, 'அம்மா' என்று அடித்தால் புள்ளி விழாது.

ஆன்டிஎக்ஸில் இன்னொரு படி உண்டு. ஐஸ்டபிள்யூஎம் தானாக ஐபஸ்ஸை எழுப்பாது. டெஸ்க்டாப் செஷன் ஸ்டார்ட்அப் கோப்பில் ஒரு வரி சேர்த்து, ஐஎம்-கன்ஃபிக் கருவியில் ஐபஸ்ஸைத் தேர்ந்து, லாக்அவுட் செய்து வர வேண்டும். க்யூ4ஓஎஸ்ஸில் ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் வருகிறது, டிரினிட்டியின் நோட்பேடில் வரவில்லை என்றால், பழைய செயலிகளுக்கு உள்ளீட்டைக் கொண்டுசேர்க்கும் எக்ஸ்ஐஎம் அமைப்பு சரியாக இல்லை என்று பொருள். அதே ஐஎம்-கன்ஃபிக் சரிசெய்யும்.

2 ஜிபியில் பிரவுசர் உறைவதைத் தள்ளிப்போட, தரவை ராமிலேயே சுருக்கி வைக்கும் இசட்ராம் உதவும். க்யூ4ஓஎஸ்ஸில் இசட்ராம்-டூல்ஸ் பொதியை நிறுவியதும் கன்ஃபிக் கோப்பைத் திறந்து, விகிதத்தை 50, அல்காரிதத்தை இசட்எஸ்டிடி என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அது 256 எம்பியோடு நின்றுவிடும், பயன் தெரியாது. வாய்டில் இதற்கு இசட்ராமென்.

டிஸ்க்கை அழிக்கும் முன், நிறுவாமல் லைவ் யுஎஸ்பியிலேயே கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஹெட்ஃபோனைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்குகிறதா, வெளிச்சக் கீ வேலை செய்கிறதா. கடைசியாக மூடியை மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை கருப்பாகவே நின்றால் அந்தக் கெர்னலுக்கும் உங்கள் கிராஃபிக்ஸுக்கும் ஒத்துவரவில்லை. நிறுவிய பிறகு மாறும் என்று நம்பாமல், பட்டியலில் அடுத்த ஐஎஸ்ஓவை எழுதிப் பாருங்கள்.