வண்டிக்கு மூன்று வாரம், சேற்றுக்குப் பதினோரு மாதம்: என் முதல் ராணுவ டயோராமா, ஓராண்டுக்குப் பிறகு

எங்கள் வீட்டு அலமாரியின் நடுத்தட்டில் 25 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பர்மாக் காட்டுப் பாதை இருக்கிறது. டயோராமா என்பார்கள், ஒரு காட்சியைச் சிறிய அளவில் செய்து வைத்த மாதிரி. 1944ஆம் ஆண்டின் மழைக்காலம். அச்சு வரை சேற்றில் இறங்கிய ஒரு வில்லிஸ் ஜீப். அதற்கு முன்னால் மரக்கட்டைகளை அடுக்கிப் பாதை போடும் மதராஸ் சாப்பர்கள், அதாவது ராணுவப் பொறியாளர் படையினர், இருவர். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஓட்டுநர். 2023 ஜூனில் தொடங்கி 2024 டிசம்பரில் முடித்தேன். முடித்த கையோடு எழுதியிருந்தால் வெறும் பெருமையாகப் போயிருக்கும். ஒரு சேலத்துக் கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அது பார்த்துவிட்டது. எது நின்றது, எது உதிர்ந்தது, எது வீண் செலவு என்று இப்போது கூசாமல் சொல்லலாம்.

ஜீப்பைக் கட்ட மூன்று வாரம் ஆயிற்று. தரையைச் செய்யப் பதினோரு மாதம். புதிதாக இறங்குகிறவர்கள் பணத்தையும் கவலையையும் வண்டியில் கொட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் கொட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்ப்பதோ சேற்றை.

முதலில் என் ஆசை பெரியது. 1944 டிசம்பரில் பிரிட்டிஷ் 14ஆம் படையின் பொறியாளர்கள் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே ஒரு பெய்லி பாலம் (தயாராக வரும் இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடுவது) போட்டார்கள். நீளம் 1,154 அடி. அன்றைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். அதைச் செய்துவிடலாம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, பத்து மீட்டர் வந்தது. எங்கள் வீடு வாசலிலிருந்து கொல்லை வரை அவ்வளவு இல்லை. பாலம் போய், பாலத்துக்குப் போகும் வழியில் சிக்கிய ஜீப் ஆயிற்று.

கடையில் கிடைக்கும் பொம்மை வீரர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர், அமெரிக்கர், ரஷ்யர். பர்மாப் போரில் சாலையும் பாலமும் போட்டவர்களில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்களுக்கு ராணுவத்தில் ‘தம்பி’ என்றே பெயர். தம்பிகள் இல்லாத பர்மா எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அந்தப் பிடிவாதம் எவ்வளவு வேலை வைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

ஜீப்பின் கிட், அதாவது ஒட்டிக் கட்ட வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு, ஜப்பானிய நிறுவனமான தமியாவினுடையது. தொண்ணூறுகளில் செய்த அச்சு, ஆனாலும் பாகங்கள் பொருந்துவதில் குறை சொல்ல இடமில்லை. கட்டி முடித்தால் ஏறக்குறைய சுண்டுவிரலும் பாதியுமாக, பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வண்டி. அதே நிறுவனத்தின் மெல்லிய பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குகிறது. இணைப்பின் ஓரத்தில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், தானாக உள்ளே ஓடிவிடும். முதல் பாட்டிலே இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், நெடி தலையைப் பிடிக்கும்.

முன்கண்ணாடியில் மட்டும் சொதப்பினேன். அவசரத்தில் உடனடிப் பசையை வைத்தேன். அதன் ஆவி கண்ணாடி முழுவதும் வெள்ளைப் பூஞ்சணம் போலப் படிந்துவிட்டது. நல்ல வேளையாக, போர்முனை ஜீப்புகளில் வெயில் பட்டு மின்னக் கூடாது என்று கண்ணாடியை முன்னால் மடக்கிக் கேன்வாஸ் உறை போடும் வழக்கம் உண்டு. மெல்லிய காகிதத்தை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து உறை செய்து மூடிவிட்டேன். இன்றைக்கு அதுதான் வண்டியிலேயே அழகான இடம்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் மாமனாருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. அங்கே ஒரு பழைய ஜீப் இன்னும் ஓடுகிறது. சேறு எங்கே ஒட்டுகிறது, எங்கே வழிகிறது, எங்கே காய்ந்து வெளுக்கிறது என்று அதைச் சுற்றி வந்து படம் எடுத்தேன். (போர்க்கால ஜீப்பின் முன்பக்கத் தகட்டில் ஒன்பது துளைகள். பின்னால் வந்த சிவிலியன் ஜீப்பில் ஏழு. அதனால் சேற்றுக்கு மட்டும்தான் அந்த வண்டி மாதிரி.) முடித்த பிறகு மாமனாரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, டிரைவரை மாற்றி உட்கார வைத்துவிட்டீர்களே” என்றார். அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம்தான் என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை.

கருவிகள் விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மாடலிங் கருவி என்ற பெயரில் இணையத்தில் விற்கும் பொருள்களில் பாதி, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. பொடி அரங்கள், வெட்டுக்குறடு, கூர்முனைச் சாமணம் எல்லாம் அங்கே வாங்கியவை. இரண்டரை ஆண்டு ஆகிறது, சாமணத்தின் முனை இன்னும் விலகவில்லை. இணையத்தில் வாங்கிய அலங்காரமான கருவிப்பெட்டியில் இரண்டு மாதத்தில் குறடு வாய் பிளந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு வெள்ளிப் பட்டறைக்காரர் இருக்கிறார். ஜீப்புக்கென்று பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த நுண்பாகங்கள் ஒரு பொட்டலம் வாங்கியிருந்தேன். விலை கிட்டின் விலைக்குப் பக்கத்தில். வளைக்கப் போனால் ஸ்பிரிங் போலத் திமிறியது. அவரிடம் எடுத்துப் போனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னங்க, காய்ச்சாமல் வளைத்தால் எப்படி வரும்?” என்று கேட்டு, சாமணத்தில் பிடித்துத் தீயில் ஒரு முறை காட்டி எடுத்தார். அவ்வளவுதான், வெற்றிலை போல மடங்கியது. கடுகளவுப் பாகங்களை எடுக்க, முனையில் மெழுகு வைத்த குச்சியையும் அவரே கொடுத்தார். கல் பதிக்கிறவர்கள் கல்லை எடுப்பது அப்படித்தானாம். அன்றிலிருந்து தரையில் மண்டியிட்டுப் பாகம் தேடும் வேலை எனக்குக் குறைந்தது.

அந்தப் பித்தளைப் பாகங்களில் முக்கால்வாசி இப்போது சேற்றுக்கு அடியில் இருக்கிறது. இதைவிடத் தெளிவான வீண் செலவு என் கணக்கில் இல்லை.

வண்ணம் தீட்டுவதில் சேலத்து வெயில் ஒரு தனிப் பாடம். ஏப்ரல் மாதப் பிற்பகலில் மொட்டை மாடியில் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் கருவி) பிடித்தேன். அக்ரிலிக் வண்ணம் காற்றிலேயே காய்ந்து, வண்டியில் உப்புத்தாள் போல விழுந்தது. முழுவதையும் ஆல்கஹாலில் கழுவி எடுத்தேன். பிறகு காலை ஆறு மணிக்கு, காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஒரு துளி கலந்து அடித்தேன், ஆலிவ் பச்சை பட்டுப் போலப் படிந்தது. ஏர்பிரஷ் 0.3 மி.மீ. துளை, சிறிய தொட்டியுள்ள கம்ப்ரஸர். இரண்டும் பழுதில்லை. ஒவ்வொரு முறையும் ஊசியை உருவித் துடைத்து வைக்கும் சோம்பலற்ற ஆளாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தூரிகையே போதும், முதல் வேலைக்கு யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இனி மண்.

அடித்தளத்துக்குத் தெர்மாகோலை வெட்டி மேடுபள்ளம் செய்தேன். பழுப்பு நிறம் ஏற்ற ஸ்பிரே டப்பாவை எடுத்து அடித்தேன். இரண்டு நிமிடத்தில் மேடு பள்ளமாயிற்று, பள்ளம் ஓட்டையாயிற்று. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து இரண்டு கை பூசிய பிறகுதான் அடுத்த வேலை.

மண் வாங்க வேண்டியதில்லை, பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிக் கொட்டிய சிவப்பு மண் இருந்தது. பூச்சி முட்டை சாக வேண்டும் என்று பழைய தோசைக்கல்லில் வறுத்தேன். மாவுச் சல்லடையில் சலித்துப் பரப்பிவிட்டு, ஜீப்பை அருகில் வைத்துப் பார்த்தேன். காட்டுப் பாதை போலவே இல்லை, கல் குவாரி போல இருந்தது. கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல் என்றால் மூன்றரை சென்டிமீட்டர் கல். கொட்டைப்பாக்கு அளவுக் கற்களைப் பாதை முழுக்கக் கொட்டியிருக்கிறேன்! சித்த மருந்துக்காரர்கள் வஸ்திரகாயம் என்பார்கள், துணியில் வைத்துச் சலிப்பது. பழைய வேட்டித் துணியில் அப்படிச் சலித்தெடுத்த தூள்தான் கடைசியில் சேறானது.

அந்தத் தூளோடு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஃபெவிகால், தண்ணீர் சேர்த்துக் குழைத்தேன். முதல் தடவை தடிமனாக ஒரே பூச்சாகப் பூசினேன். மறுநாள் காலை பாளம் பாளமாக வெடித்திருந்தது. மழைக்காலப் பர்மா கேட்டவனுக்குச் சித்திரை மாதத்து ஏரி கிடைத்தது. கூடவே பலகையும் வளைந்துவிட்டது, அடியில் வார்னிஷ் பூசாததால் ஈரத்தைக் குடித்திருக்கிறது. அதன்பின் பலகையின் இருபுறமும் வார்னிஷ். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிக் கலவையில் சேர்த்தேன், மண் சுவரில் வைக்கோல் சேர்ப்பது போல. இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஒரு பூச்சு இல்லை. வெடிப்பு அடங்கியது. சிவப்பைக் குறைக்க, ஓவியர்கள் பயன்படுத்தும் அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து ஊற்றினேன்.

கலவை ஈரமாக இருக்கும்போதே சக்கரங்களை அழுத்தித் தடம் எடுத்தேன். இரண்டு தடங்களுக்கும் நடுவே மூன்றரை சென்டிமீட்டர், ஜீப்பின் சக்கர இடைவெளி அது. பிறகு வண்டியை வைத்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கு அடியில் மயிரிழை வெளிச்சம். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு டன் எடையுள்ள வண்டி ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் அந்தரத்தில் மிதக்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் வேறெதுவும் தெரியாது. அந்த வெளிச்சத்தை அடைக்க இரண்டு வாரம் போயிற்று. சக்கரத்தைக் கழற்றி அடிப்பாகத்தைத் தட்டையாக ராவி, சுற்றிலும் சேற்றை ஊசியால் ஏற்றிய பிறகுதான் வண்டிக்கு எடை வந்தது.

தம்பிகளுக்கு வருவோம். பிரிட்டிஷ் காலாட்படை உருவங்களை வாங்கிக் கைகளை வெட்டி மாற்றினேன். அகன்ற விளிம்புத் தொப்பியைக் குழாய் அடைக்கும் எம்-சீலில், முகப்பவுடர் தூவித் தட்டையாக உருட்டிச் செய்தேன். சீருடை காட்டுப் பச்சை. முகம்தான் படுத்திவிட்டது. ‘தோல் நிறம்’ என்று எழுதி விற்கும் பாட்டில் எந்த ஊர்த் தோலுக்கோ. செம்பழுப்போடு மஞ்சள் காவி சேர்த்து அடிநிறம் வைத்தேன். கன்ன எலும்பில் வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலந்ததும் முகம் சாம்பல் பூத்து, நோயாளி போலாகிவிட்டது. வெள்ளையை விட்டுவிட்டுக் காவியையே கூட்டிப் பாருங்கள், வெயிலில் நின்ற முகம் வரும். ஏழு மில்லிமீட்டர் முகத்தை ஆறு முறை அழித்து எழுதினேன். மண்வெட்டி பிடித்தவரின் முகம் இப்போது எனக்குத் தெரிந்த யாரையோ போல இருக்கிறது. யார் என்று பிடிபடவில்லை.

ஓராண்டு ஆனபின் நிலவரம் இது. சேறு ஒரு இடத்திலும் விரிசல் விடவில்லை. வண்டியின் வண்ணம் அப்படியே இருக்கிறது. தடத்தில் தேங்கிய தண்ணீருக்கு ஊற்றிய எபாக்சி ரெசின் மட்டும் மஞ்சளடித்துவிட்டது. ஜன்னல் வெயில் தினம் ஒரு மணி நேரம் படும் இடத்தில் வைத்தது என் தவறு. சேற்றுத் தண்ணீராக இருந்ததால் தப்பித்தேன், தெளிந்த ஓடையாக இருந்திருந்தால் போயிருக்கும். தோட்டத்துச் சுவரிலிருந்து உரித்துக் காயவைத்த பாசி ஆறு மாதத்தில் வைக்கோல் நிறமாகித் தொட்டால் நொறுங்குகிறது. கிளிசரினில் ஊறவைத்து வைத்திருந்த இன்னொரு பிடி இன்னும் மெத்தென்று இருக்கிறது, அதற்கு மாற்ற வேண்டும். பெட்டியை அக்ரிலிக்கில் செய்தேன். துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கிறது. அடுத்ததற்குக் கண்ணாடிதான்.

நான்காம் மாதம்தான் பெரிய அதிர்ச்சி. சாப்பர்கள் அடுக்கும் மரக்கட்டைகள், மாமனார் தோட்டத்தில் கவாத்து வெட்டிய காப்பிக் குச்சிகள். நான்கு மில்லிமீட்டர் கனம், பெரிதாக்கினால் பதினான்கு சென்டிமீட்டர் மரம், பட்டையின் சொரசொரப்பும் அளவுக்குச் சரி. ஒரு நாள் மூன்றாவது கட்டைக்கு அடியில் வெளிர்மஞ்சள் மாவு கொஞ்சம் குவிந்திருந்தது. தூசி என்று ஊதினேன். மறுவாரம் மறுபடி குவிந்திருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் கட்டையில் குண்டூசித் துளை. கட்டை உளுத்துக்கொண்டிருந்தது. மண்ணை வறுத்த புத்திசாலி, குச்சியை வறுக்கவில்லை.

அந்தக் கட்டையைச் சேற்றிலிருந்து பிளேடால் அறுத்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆயிற்று. புதிய குச்சிகளை அடுப்பில் வைத்துத் திருப்பித் திருப்பி வறுத்தேன். பழைய தோசைக்கல் மண் வறுத்தே வீணாகியிருந்ததால், நல்ல கல்லை எடுத்தேன். இரண்டு நாள் எங்கள் வீட்டுத் தோசையில் காப்பிக்கட்டைப் புகை வாசம். மூன்றாம் நாள் மனைவி புதிய கல் ஒன்று வாங்கி வந்து, அதன் கைப்பிடியில் என் பெயரை மார்க்கர் பேனாவால் எழுதி, குறுக்கே ஒரு கோடும் போட்டு மாட்டியிருந்தாள்.