குழியா, டிரம்மா, மண்புழுவா: கடலூர் மழைக்கு எது தாங்கும்?

வீட்டுக் குப்பையை உரமாக்க எங்கள் பக்கம் மூன்று வழிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன்: தோட்டத்தில் குழி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டிரம், மண்புழுத் தொட்டி. எங்கள் வீட்டில் இருப்பது டிரம். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

செலவென்று பார்த்தால் குழிக்கு ஈடே இல்லை. மண்வெட்டி இருந்தால் போதும். உரத்தின் தரத்தில் மண்புழு முந்தும். இந்த இரண்டிலும் பெரிய வாதம் இல்லை.

இங்கே முடிவு செய்வது மழைத் தண்ணீர். நமக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கடலோரத்தில் அந்த நாட்களில் நிலத்தடி நீரும் மேலே ஏறி வரும். குழி அடியிலிருந்தும் நிறையும், மேலிருந்தும் நிறையும். குப்பையை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கிக் காற்று போய்விட்டால் அது மக்காது, அழுகும். அழுகிய முட்டை வாடை அதனால்தான் வருகிறது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். அத்தனை நாள் போட்டதெல்லாம் வீண்.

டிரம்மைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, சன்ஷேடுக்குக் கீழே மூடி வைத்தால் அடைமழையிலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு போட்டுக் கிளற வேண்டும். அம்மோனியா நெடி அடித்தாலும் அதே மருந்துதான்: பச்சைக் கழிவு கூடிவிட்டது, சருகு போதவில்லை.

டிரம்மில் உண்மையான வேலை இந்தச் சருகைச் சேர்ப்பதுதான். சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு பங்காவது வேண்டும். மழைக்காலத்தில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது? வேம்பு இலையுதிர்க்கும் மாசி, பங்குனியிலேயே கூட்டி, உரச் சாக்குகளில் அடைத்து வைத்துவிட வேண்டும். தீர்ந்துபோனால் தென்னை நார்த்தூள் கைகொடுக்கும். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் அது மக்க நாளாகும். பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் சக்கையைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, மேலே சருகைக் கனமாக மூடுங்கள். இல்லையென்றால் சின்னப் பழ ஈ மொய்க்கும். ஒரு டிரம் நிறைந்து மக்கிக்கொண்டிருக்கும்போது போட இன்னொன்று வேண்டும் என்பதால் ஒன்றோடு நிறுத்த முடியாது. நிறைந்த டிரம்மை அப்பப்போ கிளறி வந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். அப்புறம் சல்லடையில் சலித்து எடுத்துக்கொள்ளலாம்.

மீன் கழிவில் மட்டும் டிரம் தோற்கிறது. செதிலும் குடலும் உள்ளே போனால் பூனையும் ஈயும் விடாது. கோடையில் தென்னைக்குக் கொஞ்சம் தள்ளி ஓரடிக்கும் அதிக ஆழத்தில் புதைப்பதே நல்லது. அதற்கு நாங்களும் குழிதான் வெட்டுகிறோம். புதுச்சேரியில் கோரிமேடு மாதிரி மேட்டுச் செம்மண்ணில் வீடு இருந்து, தோட்டக் கழிவும் நிறைய விழுந்தால் நான் குழியைத்தான் சொல்வேன். ரெயின்போ நகர் மாதிரித் தண்ணீர் நிற்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மண்புழுவை நான் வளர்த்ததில்லை. வில்லியனூரில் உறவினர் வீட்டில் பார்த்த அளவுதான் தெரியும். அங்கே எறும்பை அண்டவிடாமல் தொட்டியைச் சுற்றி நீர் கட்டியிருந்தார்கள். கத்திரி வெயிலில் ஈரச் சாக்கு போட்டுக்கொண்டே இருந்தார்கள். 35 டிகிரியைத் தாண்டினால் புழுவுக்கு ஆகாது. எலுமிச்சைத் தோலையும் உப்புக் காரம் சேர்ந்த மிச்சத்தையும் தனியாகப் பிரிக்க வேண்டும். தினமும் கவனிக்க வீட்டில் ஆள் இருந்தால் தாராளமாக வைக்கலாம்.

டிரம் வாங்குபவர்களுக்கு ஒன்று. நம் கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டையில் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. பழைய டிரம் என்றால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு, சமையல் எண்ணெயோ ஊறுகாயோ வந்ததாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் புதிதாக வாங்கிவிடுங்கள்.