வெளி மாநில கார் வாங்கப் போகிறீர்களா? என்.ஓ.சி.யில் எந்த ஊர் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வெளி மாநிலப் பதிவு உள்ள பழைய காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கொடுங்கள். என்.ஓ.சி. என்பது, வண்டி இன்னொரு ஊர் ஆர்.டி.ஓ.வின் கீழ் போக ஆட்சேபணை இல்லை என்று பழைய ஊர் ஆர்.டி.ஓ. தரும் சான்று. பெங்களூரில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு டீலர் எங்கள் குடும்பத்தை ஏமாற்றிய விவரம் இது. வழக்கு நடப்பதால் பெயரைச் சொல்லவில்லை. இதே பேச்சைப் பேசி விற்கும் ஆட்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், அதனால் பெயரைவிட அந்தப் பேச்சைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

நாங்கள் இருப்பது ஈரோடு பக்கம். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. தாழ்ந்த காரில் குனிந்து ஏறி இறங்க முடியவில்லை என்பதால் கொஞ்சம் உயரமான டீசல் வண்டி தேடினோம். இங்கே கேட்ட விலையைவிட அதே மாடல், அதே வருஷத்து வண்டி பெங்களூரில் நன்றாகவே விலை குறைந்து கிடைத்தது. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். "இங்க ஐ.டி. ஆளுங்க ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு வண்டி மாத்துவாங்க சார், ஸ்டாக் ஜாஸ்தி" என்றார் டீலர்.

உண்மையான காரணம் வேறு. ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுக்கச் செல்லும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 46ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் வாகன வரி மாநிலங்களின் கையில் இருக்கிறது. கர்நாடகாவில் கட்டிய ஆயுள் வரி கர்நாடகாவுக்குத்தான், தமிழ்நாடு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. வண்டி இங்கேயே நிற்கப்போகிறது என்றால் இங்கே தனியாக ஆயுள் வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். அந்த வரியை வாங்குபவர் தலையில் கட்டுவதால்தான் அங்கே விலை குறைகிறது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வரி உயர்ந்த பிறகு இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது. புது காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயசுக்கு ஏற்றபடி குறையும். ஆனால் கணக்குப் போடுவது வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலையின் மேல்தான், நீங்கள் டீலரிடம் கொடுத்த விலையின் மேல் இல்லை.

இது டீலருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் நான் வரியைப் பற்றிக் கேட்டதும், "டேக்ஸ், என்.ஓ.சி., டி.என். நம்பர், எல்லாமே நம்ம பேக்கேஜ்ல வந்துடும் சார். அதுவரைக்கும் கே.ஏ. நம்பர்லயே ஓட்டுங்க, சட்டத்திலேயே ஒரு வருஷம் டைம் இருக்கு" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. வழக்கில் எனக்கு இருக்கும் முக்கியமான ஆதாரமும் அதுதான்.

இந்த "ஒரு வருஷம்" பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதி உண்மையாக இருப்பதால்தான் எல்லோரும் நம்புகிறார்கள். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வேலை மாற்றத்தில் தன் சொந்த வண்டியோடு வருகிறவருக்கு அந்த 12 மாதம் பொருந்தும். வண்டியை விலைக்கு வாங்கியவர் கதை வேறு. கைமாறிய விஷயத்தை வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பகுதி ஆர்.டி.ஓ.வில் தெரிவிக்க வேண்டும் என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. வெளி மாநிலத்துக்கு விற்றவர் 45 நாளுக்குள் என்.ஓ.சி.யைக் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். மாற்றாமல் வண்டி அடிபட்டால், நம் வண்டிக்கு ஆன சேதத்துக்கு கம்பெனி பணம் தராது. இதில் எதையுமே டீலர் சொல்லவில்லை.

பாக்கிப் பணத்தை என்.ஓ.சி. வந்ததும் தருகிறேன் என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன். கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் என்.ஓ.சி.யின் படம் வந்தது. அதற்கான படிவம் 28, சரியான வண்டி எண், சேசிஸ் எண், ஆர்.டி.ஓ. முத்திரை எல்லாம் இருந்தது. ஒரிஜினல் என்று தெரிந்ததால் பணத்தை அனுப்பினேன், வண்டியும் ஃபைலும் வந்து சேர்ந்தன. அனுப்பிய படத்தில் தாளின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தது என்பது ஃபைலைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கவுன்ட்டரில் இருந்த அம்மா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று. சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சைப் படிவத்தில் ஒட்டியிருந்தார்கள், அதையும் எழுத்தெழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். பிறகு என்.ஓ.சி.க்கு வந்து, பேனாவை ஒரு வரியில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "இது ஓசூருக்குக் குடுத்த என்.ஓ.சி.ங்க. தேதியும் ரொம்பப் பழசு. இதை வெச்சு இங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. எனக்கு முன்னால் ஓசூர்க்காரர் ஒருவருக்கு அந்த வண்டியை விற்கப் பேசி, அவருக்காக எடுத்த என்.ஓ.சி. அது. அந்த வியாபாரம் முறிந்துபோனதும் அதே தாளை என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. என்.ஓ.சி. கொடுத்தாகிவிட்டால் வாகன் என்ற அரசுக் கணினிப் பதிவில் அந்த வண்டி அந்த மாநிலத்தைவிட்டுப் போகிற வண்டியாக நிற்கும். அங்கே பெயர் மாற்ற முடியாது, இன்னொரு ஊருக்குப் புது என்.ஓ.சி.யும் கிடைக்காது. முதலில் பழையதை ரத்து செய்ய வேண்டும். அதற்கு, பழைய என்.ஓ.சி.யை வைத்து அங்கே பதிவு எதுவும் நடக்கவில்லை என்று ஓசூரிலிருந்து எழுதி வாங்க வேண்டும். ரத்துக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் டீலர் இல்லை, ஆர்.சி.யில் பெயர் உள்ள பழைய ஓனர்.

டீலரைக் கூப்பிட்டேன். முதலில் "பையன் மாத்திக் குடுத்துட்டான் சார்" என்றார். அப்புறம் "அங்க ஏஜென்ட்டைப் பிடிச்சா முடிஞ்சிடும், நீங்களே பாத்துக்கங்க" என்றார். வரியைப் பற்றிக் கேட்டதும், பேக்கேஜ் என்றால் சர்வீஸ் சார்ஜ் மட்டும்தான், அரசாங்கத்துக்குக் கட்டுவது பார்ட்டி செலவு என்று முழுசாக மாற்றிப் பேசினார். அதோடு போன் எடுப்பது நின்றுவிட்டது.

பழைய ஓனரின் பெயரை வைத்துக்கொண்டு, இன்சூரன்ஸ் தாளில் இருந்த முகவரிக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். அவரே கூப்பிட்டார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். என்னைவிட அவர் அதிகம் பயந்துபோயிருந்தார். வண்டியை டீலரிடம் ஒப்படைத்துவிட்டு, கைமாறிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். டீலரின் ஆட்கள் டெஸ்ட் டிரைவ் என்று ஓட்டியபோது விழுந்த சிக்னல் அபராதங்கள் அவர் போனுக்குத்தான் வந்திருக்கின்றன. "அண்ணா, நடுவுல ஏதாவது ஆக்ஸிடென்ட் ஆயிருந்தா?" என்று கேட்டார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. நவீன் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீடு அவர் பொறுப்பு என்பதுதான். பழைய வண்டியை டீலரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவர் நல்ல மனுஷர். லீவு போட்டு, ஆர்.டி.ஓ.வுக்கு வந்து, கையெழுத்துப் போட்டு, அபராதங்களில் பாதியை அவரே கட்டினார். அவர் இல்லையென்றால் வண்டி இன்னும் வாசலில்தான் நின்றிருக்கும். புது என்.ஓ.சி. எங்கள் ஊர் பெயருக்கு வந்தது, வண்டியைக் காட்டி இன்ஸ்பெக்ஷன் முடிந்தது, ஆயுள் வரி கட்டி டி.என். நம்பரும் வாங்கியாகிவிட்டது. விலை குறைவு என்று நாங்கள் நினைத்த தொகை முழுக்க அந்த வரியிலேயே போய்விட்டது. அலைந்த செலவு தனி. இத்தனை மாதமும் அப்பாவை பிசியோதெரபிக்கு வாடகை வண்டியில்தான் கூட்டிப்போனோம், பேப்பர் இல்லாத வண்டியில் அவரை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. எனக்கு அதிகக் கோபம் இதில்தான்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியவை. என்.ஓ.சி. என்று டீலர் சொன்னால் எந்த என்.ஓ.சி. என்று கேளுங்கள். லோன் முடிந்ததும் பாங்க் தரும் கடிதத்துக்கும் அதே பெயர்தான். அதைக் காட்டி "என்.ஓ.சி. ரெடி" என்று பணம் வாங்குவதும் நடக்கிறது. பாங்க் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கிய பிறகுதான் வண்டி சுத்தம். ஆர்.டி.ஓ. தரும் படிவம் 28 வேறு. அதில் உங்கள் ஆர்.டி.ஓ. பெயர் இருக்க வேண்டும், தேதி புதிதாக இருக்க வேண்டும், தாள் முழுசாகத் தெரிய வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கடன், பாக்கி அபராதம், ஆர்.சி. நிலவரம் எல்லாம் தெரியும். அட்வான்ஸுக்கு முன்னால் பாருங்கள், பாக்கி கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை பாருங்கள்.

டீலரிடம் அவருடைய அங்கீகாரச் சான்றான படிவம் 29பி கேளுங்கள். பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் அதைப் பதிவு செய்ய வேண்டும். செய்துவிட்டால் வண்டியின் பொறுப்பு டீலருடையது, என்.ஓ.சி.க்கு அவரே விண்ணப்பிக்கவும் முடியும். எங்கள் டீலரிடம் அந்தச் சான்றே இல்லை. இருந்திருந்தால் நானும் பழைய ஓனரும் இப்படி அலைந்திருக்க மாட்டோம்.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: "இப்பதான் பி.எச். நம்பர் வந்துடுச்சே, எல்லா ஸ்டேட்டும் ஒண்ணுதான் சார்." மாநிலம் மாறினாலும் நம்பர் மாற்றத் தேவையில்லாத பி.எச். (பாரத்) வரிசை 2021 செப்டம்பரில் வந்தது, ஆனால் அது எல்லோருக்கும் கிடையாது. ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்குத்தான். அவர்களும் இரண்டிரண்டு வருஷத்துக்கு வரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண கே.ஏ. வண்டிக்கு அந்தச் சலுகை தானாக வந்துவிடாது.

டெல்லி வண்டிகள் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அதனால் விலை விழுந்த வண்டிகள் தெற்கே வருகின்றன. ஆர்.சி. முடியும் தேதியைப் பாருங்கள். 15 வருஷம் முடிந்து 20 வருஷம் தாண்டாத காருக்குப் பதிவைப் புதுப்பிக்கவே 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எஃப்.சி.யில் தேறினால்தான் அதுவும்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்குப் போகத் தேவையில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க முடியாதவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதியலாம். வாய்ஸ் மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது, வெட்டிய படம், முழுத் தாள், தபால் ரசீது எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். டீலருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. தீர்ப்பு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இதேபோல் வேறு ஊர் பெயர் போட்ட என்.ஓ.சி.யோடு யாராவது மாட்டியிருந்தால், ரத்து செய்ய நான் கொடுத்த விண்ணப்பத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது, கேளுங்கள், அனுப்புகிறேன்.