"உள்ள தண்ணி போயிடுச்சு சார், கன்ட்ரோலர் மாத்தணும்" என்று சொன்னால் உடனே பணம் கட்டாதீர்கள்

எலக்ட்ரிக் ஆஃப்-ரோடு பைக் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். இந்த வகை பைக் விற்கும் கோயம்புத்தூர் கடை ஒன்று, நன்றாக இருக்கிற கன்ட்ரோலரை (பேட்டரி கரண்டை மோட்டாருக்கு அளந்து அனுப்பும் பெட்டி) போய்விட்டது என்று சொல்லி என்னிடம் 40,000 ரூபாய்க்கு மேல் வாங்கப் பார்த்தது. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை கடைப் பெயர் வேண்டாம்.

பைக் 60 வோல்ட் சீனத் தயாரிப்பு. ரோட்டில் ஓட்ட ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது, ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குள்ளேதான் ஓடும். விற்கும்போது "ஐபி67 சார், ஓடையிலயே இறக்கலாம்" என்றார்கள். முதல் சர்வீஸுக்கு விட்டபோது வாட்டர் வாஷ் என்று பிரஷர் கன்னை ஹேண்டில்பார், மோட்டார் என்று எல்லா இடத்திலும் நெருக்கிப் பிடித்து அடித்தார்கள். கிட்டே நின்ற நான் வேண்டாம் என்று சொல்லியும் அதே பதில்தான், ஐபி67 சார், ஒண்ணும் ஆகாது.

அந்த ஐபி67 என்னவென்று எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தூசி புகாது, 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிஷம் அசையாமல் கிடந்தால் கெடுதல் வராது, அந்தச் சோதனை அவ்வளவுதான். பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கு ஐபிஎக்ஸ்5, 6 என்று வேறு சோதனை, சூடான ஹை பிரஷர் தண்ணீருக்கு 9 என்று இன்னொன்று. 7 பாஸ் ஆனதால் 6 பாஸ் ஆனதாக அர்த்தம் இல்லை. அப்புறம், அந்த எண் பேட்டரி பெட்டிக்கா, மோட்டாருக்கா, முழு பைக்குக்கா என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு பாகத்துக்குத்தான் இருக்கும். ஒயரிங் கனெக்டர்களைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை, தண்ணீர் முதலில் நுழைவதே அங்கேதான்.

வாஷ் முடிந்து வந்த வாரமே பைக் நின்றுவிட்டது. டிஸ்ப்ளே வருகிறது, பேட்டரி சதவீதம் காட்டுகிறது, த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர் பிடி) திருகினால் ஒன்றும் இல்லை. கடைக்கு எடுத்துப் போனால், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் "தண்ணி போயிடுச்சு, கன்ட்ரோலர் அவுட், வாரண்டி வராது" என்று தீர்ப்பு. கழற்றிக் காட்டுங்கள் என்றேன், மீட்டர் வைத்துக் காட்டுங்கள் என்றேன். அதெல்லாம் கம்பெனி ஆள்தான் செய்யணும் என்றார்கள். ஜாப் கார்டில் மட்டும் "வாட்டர் டேமேஜ், கஸ்டமர் மிஸ்டேக்" என்று எழுதி, செக்கிங் சார்ஜும் வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் அடித்தது அவர்கள், தப்பு என் பேரில்.

வண்டியை ஏற்றி வந்து, பொள்ளாச்சியில் ஈ-ஆட்டோ வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் விட்டேன். ஆன் பண்ணினதுமே "லீவரை யாரும் பிடிக்கலியே, பின்னாடி ப்ரேக் லைட் ஏனுங்க எரியுது?" என்று கேட்டார். விஷயமே அதுதான். ப்ரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கன்ட்ரோலர் நிறுத்திவிடும், அதற்காக லீவரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் அதன் கனெக்டரைப் பிரித்தார். ரப்பர் சீலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் அப்படியே நின்றுகொண்டிருந்தது, கனெக்டரின் உலோகப் பின் ஒன்றில் பச்சைக் களிம்பு பிடித்து, அது பாதி அரிக்கப்பட்டிருந்தது. ஈரம் இரண்டு பின்னையும் இணைத்துவிட்டதால் ப்ரேக் பிடித்தபடியே இருக்கிறது என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருக்கிறது. கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி த்ராட்டில் கொடுத்ததும் சக்கரம் சுற்றியது. புதுக் கனெக்டர், கான்டாக்ட் கிளீனர், ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் எல்லாம் சேர்த்து சில நூறு ரூபாய். "போய்விட்ட" அதே கன்ட்ரோலரில்தான் பைக் இன்றுவரை ஓடுகிறது.

கன்ட்ரோலர் நிஜமாகவே போயிருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. பேட்டரியைக் கழற்றி, உள்ளே கெப்பாசிட்டரில் நிற்கும் சார்ஜ் இறங்கக் கொஞ்ச நேரம் விட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று தடி ஒயரையும் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து, கன்ட்ரோலர் பக்கம் ஒவ்வொரு ஒயரையும் பேட்டரி மைனஸோடும் அப்புறம் ப்ளஸ்ஸோடும் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், ஒன்று மட்டும் பூஜ்ஜியத்துக்குப் போனால் மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஷார்ட். அப்படி ஷார்ட் ஆன கன்ட்ரோலரோடு மோட்டார் இணைந்திருந்தால், பின் சக்கரத்தைக் கையால் சுற்றும்போதே இழுத்துப் பிடிக்கும். என் பைக்கில் சக்கரம் லேசாகச் சுற்றியது. அந்தக் கடைக்காரர்கள் இதைக்கூடச் செய்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மோட்டார் விட்டு விட்டு உதறினால், மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள். ஐந்து மெல்லிய ஒயர் இருக்கும், 5 வோல்ட், எர்த், மூன்று சிக்னல். சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு சிக்னலும் பூஜ்ஜியத்துக்கும் 5-க்கும் பக்கத்தில் மாறி மாறி வர வேண்டும். த்ராட்டிலில் தண்ணீர் போவதுதான் ஆபத்தானது. திருகாமல் இருக்கும்போது சிக்னல் பெரும்பாலும் 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். எர்த் ஒயர் அரித்து அறுந்தால் அந்த சிக்னல் ஏறிவிடும், த்ராட்டிலைத் திருகியதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும், தானே பாய்கிற பைக் என்று கேள்விப்படுகிறோமே, அது இப்படியும் நடக்கும். அதனால் நனைந்த பைக்கை முதலில் ஆன் பண்ணும்போது பின் சக்கரம் தரையில் படக்கூடாது. நனைந்த பேட்டரியை யார் சொன்னாலும் சார்ஜில் போடாதீர்கள்.

ஓட்டிச் சூடான மோட்டாரோடு உடனே ஓடையில் இறக்குவதும் கூடாது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பைக் ஓடுகிற வீடியோவோடு கடைக்குத் திரும்பப் போனேன். "இப்ப ஓடும் சார், மறுபடி போகும்" என்றார்கள், செக்கிங் சார்ஜைத் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பில், ஜாப் கார்டு, கழற்றிய பழைய பாகம் எதையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

நீங்கள் வாங்கப் போவது இதே கடையோ என்று சந்தேகம் இருந்தால் மெசேஜ் பண்ணுங்கள், ஜாப் கார்டு போட்டோ அனுப்புகிறேன்.