பதின்மூன்று வரி ஜெர்சி: தெற்கு மாசி வீதிச் சந்தில் ஓர் அச்சுக்கடை

ஒற்றை ஜெர்சி வேண்டும் என்று கேட்டால் மதுரையில் பல கடைகளில் கையை விரித்துவிடுகிறார்கள். பத்து உருப்படியாவது எடுத்தால்தான் மெஷினைப் போடுவோம் என்பார்கள். தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருக்கும் இந்தக் கடை ஒன்றே ஒன்றுக்கும் ஆர்டர் எடுக்கிறது. விலை 550 ரூபாய். அணி முழுவதற்கும் எடுத்தால் நன்றாகவே குறைத்துத் தருகிறார்கள்.

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் கூடைப்பந்து அணியில் ஃபார்வர்டாக ஆடும் பையன், அப்பாவின் வேலை மாற்றத்தால் பள்ளி விட்டுப் பள்ளி வந்தவன். அவனுக்குப் பரிசளிக்க, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் பல அணிகளுக்கு ஆடிய ஜெஃப் கிரீன், டென்வர் அணியில் அணிந்த 32ஆம் எண்ணோடு ஒரு ஜெர்சி கேட்டேன். முதுகில் அவர் ஆடிய ஊர்கள் அத்தனையும், சேர்ந்த ஆண்டோடு, தமிழில் வர வேண்டும்.

கணினியில் வடிவமைக்கும் தம்பி பட்டியலை வாங்கிப் படித்தார். சியாட்டில் 2007, ஓக்லஹோமா சிட்டி 2008, பாஸ்டன் 2011, மெம்ஃபிஸ் 2015, லாஸ் ஏஞ்சலிஸ் 2016, ஆர்லாண்டோ 2016, கிளீவ்லாந்து 2017, வாஷிங்டன் 2018, யூட்டா 2019, ஹூஸ்டன் 2020, புரூக்ளின் 2020, டென்வர் 2021, மறுபடியும் ஹூஸ்டன் 2023. சியாட்டில் அணியே ஓக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்ததாலும், ஹூஸ்டன் இரண்டு முறை வருவதாலும் அணிகள் 11தான், வரிகள் 13.

"இத்தனை இடத்திலும் கழற்றிவிட்டார்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"பதினொரு அணிகள் அவரைக் கூப்பிட்டிருக்கின்றன தம்பி" என்றேன்.

இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் 2007 டிராஃப்டில் ஐந்தாவதாக எடுக்கப்பட்டவர் அவர். ஆறடி எட்டங்குல உயரம். கூடைக்கு அடியிலும் ஆடுவார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றும் போடுவார். 2011 டிசம்பரில், வழக்கமான உடற்பரிசோதனையில் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியில் வீக்கம் தெரிந்தது. பாஸ்டனோடு போட்ட ஒப்பந்தம் ரத்தானது. மறுமாதமே கிளீவ்லாந்தில் அறுவைச் சிகிச்சை. அந்த சீசன் முழுவதும் போய்விட்டது. நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு மீண்டும் களத்தில் இறங்கி, பத்தாண்டுகளுக்கு மேல் ஆடியிருக்கிறார். 2018இல் கிழக்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில், காயம்பட்ட கெவின் லவ் இடத்தில் கிளீவ்லாந்துக்காக இறங்கினார். எதிரே பழைய அணி பாஸ்டன், அதுவும் அவர்கள் ஊரில். 19 புள்ளிகள் எடுத்து ஜெயிக்க வைத்தார். 2020இல் ஹூஸ்டன் அவரைப் பத்து நாள் ஒப்பந்தத்தில்தான் சேர்த்தது. 2023இல் டென்வர் முதன்முறையாக என்பிஏ கோப்பையை வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார், 36 வயதில். இதையெல்லாம் சொன்னதும் அந்தத் தம்பி டென்வர் வரியை மட்டும் மஞ்சளில் போடலாமா என்று அவராகவே கேட்டார். போட்டிருக்கிறார், பார்க்க அருமையாக இருக்கிறது.

அச்சு பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்தை வினைல் தாளில் வெட்டி ஒட்டினால் தமிழுக்கு அது சரிப்படாது என்று அவரே தடுத்தார். மெய்யெழுத்தின் புள்ளி கடுகளவு தனித்துண்டாக நிற்கும். துவைக்கத் துவைக்க முதலில் உதிர்வது அதுதான். 'ஆர்லாண்டோ'வில் இரண்டு புள்ளி, 'கிளீவ்லாந்து'விலும் இரண்டு. அதனால் சப்ளிமேஷன். வெள்ளைப் பாலியஸ்டர் துணியில் சூட்டழுத்தத்தில் சாயத்தை இழைக்குள்ளேயே இறக்கி, பிறகு வெட்டித் தைக்கிறார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், எழுத்து மேடாகத் தட்டுப்படவே இல்லை. துவைத்த பிறகும் ஒரு புள்ளி போகவில்லை. அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் திரையில் காட்டி எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னதும் பிடித்திருந்தது.

தையல் அந்த அளவுக்கு இல்லை. கழுத்துப்பட்டி இறுக்கம், பையன் தலையை நுழைக்கச் சிரமப்பட்டான். கொண்டுபோய்க் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் சொன்ன தேதியில் ஜெர்சி கைக்கு வரவில்லை. பொங்கல் நேரம், சுற்றுவட்டார ஊர்களின் கபடிக் குழுக்கள், வாலிபால் குழுக்கள் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன. மார்கழி பிறப்பதற்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். கழுத்தளவை மட்டும் தனியாக எழுதிக் கொடுங்கள்.